மூக்கு தாழ்ந்த வண்டி

என் வீட்டுக்காரர் மதலைமுத்துவுக்குத் தோசை வட்டமாக இருந்தால் மட்டும் போதாது, நடுவிலும் ஓரத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் அரசுத் தொழிற்சாலையில் லேத்தில் நின்ற மனுஷன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அளவு கூடினாலும் உருப்படியைத் தூக்கிக் குப்பையில் போடுகிற வேலை. அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவார். சுவரில் மாதா படம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய் நிமிர்த்துவார். கல்யாணமான புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிப்போனது.

1997-ல் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். விருப்பம் யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் வீட்டில் உட்கார்ந்தவர் முதல் மாதம் முழுக்க ஜன்னல் கீல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டியை வாங்கி வந்து, மர்பி டவுனில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார். வார நாட்களில் அரிசி மூட்டை, பந்தல் சாமான், பிரம்பு நாற்காலி என்று ஏதாவது ஏற்றிக்கொண்டு போவார்.

எங்கள் பங்குக் கோயிலின் அடக்கச் சங்கத்துக்கு ஒரு சவ வண்டி இருந்தது. அது ஒருநாள் பாதி வழியில் தன் உயிரையும் விட்டுவிட்டது. அன்றைக்கு அவசரத்துக்கு இவர் வண்டியைக் கேட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பின்தட்டில் பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போக அலுமினியத் தகடு அடித்தார். இரண்டு பக்கமும் பெஞ்சு, மேலே கூரை, சுற்றிலும் கண்ணாடி, பின்னால் கதவு என்று கழற்றி மாட்டும்படி ஒரு கூண்டும் செய்தார். சாவு வேலைக்குப் போகும்போது மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார். பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்று கால் தோலுக்குத் தெரிய வேண்டுமாம். தொழிற்சாலையை விட்டபின் அவர் முகத்தில் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று இந்த வேலையில்தான் திரும்பி வந்தது. அதனால் நான் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் பங்கில் ஒரு பழக்கம் உண்டு. சவப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டக் கூடாது. கட்டை வைத்து முட்டுக் கொடுக்கவும் கூடாது. உயிரோடு இருந்தபோது கட்டுப்பட்டுக் கிடந்தது போதும், போகும்போதாவது அவிழ்ந்து போகட்டும் என்பார்கள். மனிதக் கை மட்டும் படலாம். வீட்டு ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பெட்டி இருக்கும்போது பெண்கள் அந்த வண்டியில் ஏறுவதில்லை.

பிக்கப் வண்டிக்கோ ஒரு குணம். மூட்டை ஏற்றவென்று செய்த வண்டி என்பதால் பின்பக்கம் தூக்கி நிற்கும், மூக்கு தாழ்ந்திருக்கும். ஒரு டன் ஏற்றினால் பின்பக்கம் இறங்கி வண்டி சமமாகிவிடும். ஒரு சவப்பெட்டியும் நாலு பேரும் எத்தனை கனம் இருந்துவிடப் போகிறார்கள்?

1999 ஜூலையில் தியோடரின் அப்பாவை அடக்கம் செய்யக் கொண்டுபோனார்கள். தியோடர் தபால் ஆபீசில் வேலை செய்கிறவன், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அல்சூர் ஏரிப் பக்கம் சரிவில் இறங்கும்போது ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. இவர் பிரேக் போட்டார். பெட்டி ஒன்றரை அடி முன்னால் வழுக்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகட்டில் போய் மோதியது. பிடித்துக்கொண்டிருந்த தியோடரின் வலது கை நடுவில் மாட்டி இரண்டு விரல் நசுங்கியது. அவன் கத்தவில்லையாம். "அப்பாக்கு அடிபட்டுச்சா" என்றுதான் கேட்டானாம்.

அந்தக் கேள்வியை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது இவர் அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. சங்கச் செயலாளர் ஜெயராஜ் மறுநாளே வந்து, "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்க வேண்டியதுதான்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லாவிட்டாலும் இவரே விட்டிருப்பார். இன்னொரு முறை ஒரு பெட்டி நகர்ந்தால் இந்த மனுஷன் மறுபடி ஜன்னல் கீலுக்கு எண்ணெய் போட உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

பின்தட்டு அலுமினியத் தகட்டின் மேல் ரப்பர் விரித்துப் பார்த்தார். பெட்டி உள்ளே ஏறாமல் பாதியில் மாட்டிக்கொண்டு ஜனங்கள் திட்டினார்கள். மெக்கானிக் பாயிடம் போனார். "பிக்கப் இப்டிதான் சார் இருக்கும். பின்னாடி மண்ணு மூட்ட போட்டுக்குங்கோ" என்றார் பாய். செத்தவரோடு மண் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போக யார் சம்மதிப்பார்கள்?

பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை கிடைத்தது. அதில் ஒரு விளம்பரம். அமெரிக்காக்காரன் தன் பிக்கப்பின் மூக்கை நிமிர்த்த இரண்டு வளையம் விற்கிறான். முன் சக்கரங்களுக்கு மேல் இருக்கிற சுருள் ஸ்பிரிங்கின் தலையில் பக்கத்துக்கு ஒரு வளையம் வைத்தால் முன்பக்கம் உயர்ந்து வண்டி மட்டமாகிவிடும். அவன் அதை அழகுக்காகச் செய்கிறான். இவர் படத்தை என்னிடம் காட்டி, "இது நம்ம லேத் வேலதான் அமலு" என்றார். என் பெயர் அமலோற்பவம். அவருக்குச் சந்தோஷம் வந்தால் மட்டும் அமலு.

முற்றத்தில் நின்ற வண்டியின் பின்தட்டில் குமிழி ஓடும் ரசமட்டத்தை வைத்து, காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று தரம் அளந்தார். முன்பக்கம் சரியாக இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. ஸ்பிரிங் சக்கரத்துக்கு உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதால், வளையம் ஒரு அங்குலக் கனம் இருந்தால் சக்கரத்தில் இரண்டு அங்குலம் உயரும் என்று கணக்குப் போட்டார். தொழிற்சாலைக் கூட்டாளி ஆதிகேசவனின் பட்டறையில் இரும்பில் இரண்டு வளையம் கடைந்து கொண்டுவந்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு முடி வித்தியாசம் இல்லை என்று பூரித்துப்போய்ச் சொன்னார். மாட்டுகிற வேலைக்குப் பட்டறை எதுவும் வேண்டாம், நானும் அவருமே போதும் என்றும் சொன்னார். அதைக் கேட்டு நான் பூரிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி வைத்து நிறுத்தினார். இடது சக்கரத்தைக் கழற்றினார். ஸ்பிரிங் அப்போதுதான் எனக்குக் கண்ணில் பட்டது. என் கைக்கனம் இருந்தது. மேலே வண்டியின் சட்டம், கீழே சக்கரத்தைத் தாங்குகிற கை. இரண்டுக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்திருந்தது.

"இந்தக் கீழ் கைக்கு அடில ஜாக்கி வச்சிருக்கேன். நான் கையையும் சக்கரத்தையும் சேக்கற முட்டுப் போல்ட்ட கழட்டினா ஸ்பிரிங் கீழ தள்ளும். நீ ஜாக்கி திருகாணிய கால் சுத்து, கால் சுத்தா விடணும். ஒரேடியா விட்டேன்னா ஸ்பிரிங் பிச்சிக்கினு வரும்."

"வந்தா?"

"எம் மூஞ்சி இங்கதான் இருக்கும்."

இதைச் சொல்லும்போது அவர் மண்டியிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு இரும்புச் சங்கிலியை ஸ்பிரிங்குக்குள் விட்டுச் சட்டத்தோடு சுற்றிக் கட்டினார். பிய்த்துக்கொண்டு வந்தாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளுமாம். அப்படியானால் எதற்குக் கால் சுற்று என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துத் தைத்து என் விரல்களுக்கு நல்ல பிடி உண்டு. ஆனாலும் அந்தத் திருகாணியைத் தொட்டபோது விரல் எண்ணெயில் வழுக்கியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு திருகினேன். வண்டியின் கீழ் கை நூல் நூலாக இறங்கியது. ஸ்பிரிங் முனகிக்கொண்டே நீண்டது. இவர் அதன் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "இன்னும் சொல்ப. இன்னும் கொஞ்சம். நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பயத்தைக் கோபமாகத்தான் எனக்குக் காட்டத் தெரியும்.

வளையத்தை வைத்து ஸ்பிரிங்கைத் திரும்ப ஏற்றி இடது பக்கத்தை முடித்தபோது மணி பத்தரை. அப்போது கோயிலில் சாவு மணி அடித்தது.

இவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டார். கால்மணி நேரத்தில் ஜெயராஜ் வந்தார். கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. முற்றத்தில் ஒரு பக்கச் சக்கரம் மாட்டியும் மறுபக்கம் கழற்றப் போகிற நிலையிலும் வண்டி நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தியோடரோட அம்மா போய்ட்டாங்கண்ணே. சவரியம்மா. இன்னிக்கே அடக்கம், நால்ரை மணிக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, ஆவாது."

ஜெயராஜே தொடர்ந்தார்.

"வேற வண்டி சொல்றேன்னு சொன்னேன். தியோடர் ஒத்துக்கல. வூட்டுக்காரரு போன வண்டிலதான் நானும் போவணும்னு அந்தம்மா சொல்லிட்டுச் செத்துச்சாம். அவன் மதலைமுத்து அண்ணன்கிட்டயே போய்ச் சொல்லுன்னுட்டான்."

தன் விரலை நசுக்கிய வண்டியை அவன் கேட்டனுப்புகிறான். இவர் எழுந்து நின்று, இடது பக்கத்தைப் பார்த்தார், வலது பக்கத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் வளையத்தோடு ஓட்டினால் வண்டி கோணிக்கொண்டு போகும். மாட்டியதைக் கழற்றவும் மூன்றரை மணி நேரம், மாட்டாததை மாட்டவும் மூன்றரை மணி நேரம். "மூணு மணிக்கு வண்டி ரெடின்னு சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டு உடனே மண்டியிட்டார்.

பதறாத காரியம் சிதறாது என்று அம்மா சொல்வாள். நாங்கள் பதறினோம். வலது பக்கத்து முட்டுப் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார், சம்மட்டியால் அடித்தார், விளக்கு வைத்துச் சூடு காட்டினார், மறுபடி அடித்தார். பன்னிரண்டரை ஆனது, ஒன்றேகால் ஆனது. சாப்பிடுகிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றரைக்கு அது டப்பென்று விட்டது. கீழ் கை ஜாக்கியின் மேல் உட்கார்ந்து, ஸ்பிரிங் ஒரு பக்கமாக வளைந்து சங்கிலியில் போய் முட்டியது. இவருடைய நெற்றிக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி. ஜாக்கித் திருகாணியை நான் கெட்டியாகப் பிடித்திருந்தேன். பிடித்திருக்கிறேன் என்பதே அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த வண்டியிலயே உங்களையும் ஏத்தி அனுப்பிட்டு நான் நிம்மதியா இருப்பேன்" என்றேன்.

"சரி. கால் சுத்து விடு" என்றார்.

வளையம் வைத்து ஸ்பிரிங்கை மறுபடி நசுக்கும்போது வேறு ஒரு வம்பு. ஜாக்கி கீழ் கையைத் தூக்க, ஸ்பிரிங் நசுங்காமல் வண்டியையே தூக்கியது. தாங்கியிலிருந்து சட்டம் ஒரு விரல் மேலே எழும்பி நின்றது. நான் பார்த்து நிறுத்தச் சொன்னேன். முன்பக்கம் கனம் போதவில்லை. அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்ததா என்று பார்க்க ஜெயராஜ் திரும்பி வந்தார்.

இவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஜெயராஜ், எத்தினி கிலோ இருப்ப?"

"தொண்ணூத்தி நாலு. எதுக்குண்ணே?"

அடக்கச் சங்கச் செயலாளர் வெள்ளை வேட்டியோடு வண்டியின் முன் மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். நான் ஜாக்கியின் பம்ப்பை அடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னார். மூன்றாவது மரியேயில் போல்ட் துளைக்குள் இறங்கியது. வேறு நாளாக இருந்தால் நான் வருஷம் முழுக்கச் சிரித்திருப்பேன்.

மூன்றேகாலுக்கு வலது சக்கரத்தையும் மாட்டி வண்டியைக் கீழே இறக்கினோம். பின்தட்டில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நகர்ந்து நடுக்கோட்டுக்கு வந்து நின்றது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ஜெயராஜ் குனிந்து பார்த்து, "பர்பெக்ட்ணே" என்று சொல்லிவிட்டுத் தியோடர் வீட்டுக்கு ஓடினார். இவர் குமிழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆறு வாரமாகத் தொங்கியிருந்த தோள் அன்றைக்குத்தான் நேரானது.

கூண்டை மாட்டினோம். தகட்டில் கிரீஸ் கறை இருந்ததால் நான் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். வழிந்த தண்ணீர் முற்றத்துத் தரையில் விழுந்து, தினமும் ஓடுகிற மாதிரியே வண்டிக்கு அடியில் புகுந்து, முன் சக்கரங்களைத் தாண்டி, தெருச் சாக்கடைக்கு ஓடியது.

இருபத்திரண்டு வருஷமாக அந்த முற்றத்தைக் கழுவுகிறவள் நான். பின்பக்கம் ஊற்றினால் கேட்டுப் பக்கம் ஓடும். அதற்காகத்தான் தளம் போட்டபோதே சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இது தெரியும். ஆனால் அவர் அளந்தபோது எனக்குத் தோன்றவில்லை. அவரோ தொழிற்சாலையில் ஒரு கருங்கல் மேசையின் மேல் உருப்படியை வைத்து அளந்து பழகியவர். அந்த மேசை மட்டமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, அளவே அதிலிருந்துதான் ஆரம்பிக்கும். தரையையும் அப்படியே நம்பிவிட்டார்.

"ஏங்க" என்றேன். "தண்ணி எங்க போவுது பாருங்க."

அவர் பார்த்தார். ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி பின்பக்கமாக ஓடியது. வண்டியின் மூக்கு இரண்டு அங்குலம் தாழ்ந்ததில் ஒரு அங்குலம் வண்டியுடையது, ஒரு அங்குலம் தரையுடையது. இரண்டையும் சேர்த்து நாங்கள் தூக்கிவிட்டிருந்தோம். மட்டமான ரோட்டில் போய் நின்றால் இனி இந்த வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பெட்டி முன்னால் வராது, பின்னால் போகும். பின்னால் இருப்பது கண்ணாடிக் கதவும் ஒரு கொக்கியும்தான். கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் ஒரு ஏற்றம் வேறு உண்டு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

மணி மூன்றே முக்கால். கழற்ற நேரமில்லை. அப்போது நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "ரசமட்டம் சரியாதான் காட்டுது. ஜெயராஜும் பாத்துட்டார். மெதுவா ஓட்டுங்க, யாருக்குத் தெரியப்போவுது" என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றார். செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

தியோடர் வீட்டு வாசலில் பங்குச் சாமியார் வந்து ஜெபம் முடித்திருந்தார். பெட்டியை மூடிவிட்டார்கள். இவர் தியோடரை ஒரு ஓரமாக அழைத்துப்போனார். நானும் ஜெயராஜும் பின்னால் போனோம். தரையை அளக்காமல் விட்டதையும், வண்டி இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பதையும், ஏற்றத்தில் பெட்டி பின்னால் நகரலாம் என்பதையும் இவர் மறைக்காமல் சொன்னார். "ஏந் தப்பு தியோடர். போன வாட்டியும் ஏந் தப்புதான். நீ என்ன சொல்றியோ அப்டி" என்றார்.

ஜெயராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்ப வந்து சொல்றீங்களேண்ணே. வேற வண்டி வரதுக்குள்ள இருட்டிடும்."

தியோடர் தன் வலது கையைப் பார்த்தான். இரண்டு விரல்களில் இன்னும் துணிக்கட்டு இருந்தது. "என்ன செஞ்சா நகராது?" என்று கேட்டான்.

"முன்னாடி கனம் இருக்கணும். நீயும் ஜெயராஜும் எங்கூட முன்னாடி உக்காருங்க. பின்னாடி கூட்டம் ஏறக் கூடாது, ஏறினா பின்பக்கம் இன்னும் எறங்கும். ஒரே ஒருத்தர், கனமில்லாதவங்க, கதவுகிட்ட உக்காந்து தலமாட்ல கை வச்சுத் தாங்கிக்கினு வரணும்."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அங்கே நின்ற ஆண்களில் எழுபது கிலோவுக்குக் குறைந்தவர் யாருமில்லை. நான் நாற்பத்தொரு கிலோ.

"நான் ஏறுறேன்" என்றேன்.

"அக்கா, பொம்பளைங்க ஏறக் கூடாதுக்கா" என்றார் ஜெயராஜ்.

தியோடர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அம்மாக்கு ஒடம்பு முடியாதப்ப ஒரு வாரமா தலமாட்ல இருந்தது எல்லாம் பொம்பளைங்கதான். ஏறுங்கக்கா."

பெட்டியை ஏற்றினார்கள். கால் பக்கம் முன்னால், தலை பக்கம் கதவோரம். நான் தகட்டில் சம்மணம் போட்டு, முதுகைக் கதவில் சாய்த்து, இரண்டு கையையும் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டேன். கொக்கியை வெளியிலிருந்து போட்டார்கள். கூண்டின் முன்பக்கக் கண்ணாடி வழியாக என் வீட்டுக்காரரின் பிடரி மட்டும் தெரிந்தது.

மட்டமான ரோடு முழுக்கப் பெட்டி அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் தகடு சிலிர்ப்பதை என் தொடை உணர்ந்தது. சவரியம்மா எனக்கு நெருக்கமில்லை, கோயிலில் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். இருந்தாலும் நான் அவளிடம் பேசிக்கொண்டே வந்தேன். "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா. இதோ ஆச்சு."

ஏற்றத்தின் பாதியில் முன்னால் போன பஸ் நின்றுவிட்டது. ஆட்களை இறக்கியது. நாங்களும் நிற்க வேண்டியதாகிவிட்டது. நின்ற வண்டியை ஏற்றத்தில் கிளப்புவதுதான் ஆபத்து என்று எனக்கே தெரிந்தது. பஸ் நகர்ந்தது. இவர் எஞ்சினை உறும விடாமல், கைப்பிரேக்கை நூல் நூலாக விட்டு, கிளட்சை நூல் நூலாக விட்டார். அப்போது பெட்டி வந்தது. வேகமாக இல்லை. ஒரு விரல், இரண்டு விரல் என்று என் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு என் நெஞ்சுக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால் கொக்கி கிறீச்சிட்டது. நான் கத்தினால் அவர் பிரேக் போடுவார், பிரேக் போட்டால் மறுபடி கிளப்ப வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். முழங்கையை இடுப்பில் ஊன்றி, மூச்சை அடக்கி, அப்படியே நிறுத்தினேன். அந்த ஏற்றம் எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியாது. பெட்டி அதற்குமேல் ஒரு நூல் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கதவைத் திறந்தார்கள். ஆண்கள் தூக்க வந்து நின்றார்கள். நான் கையை எடுக்கவில்லை. எடுக்க நினைத்தேன், விரல்கள் கேட்கவில்லை. எல்லாரும் நின்றார்கள். தியோடர் குனிந்து, தன் நல்ல கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து பிரித்தான். "விட்ருங்கக்கா. வந்துட்டோம்" என்றான்.

இவர் என்னைக் கைகொடுத்து இறக்கினார். பெட்டி தோள்களில் ஏறிப் போனது. எல்லாரும் பின்னால் போனார்கள். இவர் போகவில்லை. மடங்கி நின்ற என் விரல்களைத் தன் கிரீஸ் கறைக் கைக்குள் வைத்து, அங்கேயே நின்று, ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தினார். கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால் பிடித்ததற்கப்புறம் ஊர் பார்க்க என் கையைத் தொட்டதில்லை அந்த மனுஷன்.

"எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

"பாக்கட்டும்" என்றார்.